தெரிந்தே ஏற்ற தோல்வி

பிறருடைய திறமையைக் கண்டு மகிழ்வது எளிதா, கடினமா? அத்திறமை நமக்குத் தொலைவில் இருக்கும்வரை அது எளிதே. வேற்று நாட்டு ஓவியர் ஒருவரின் புகழைக் கேட்டு நாம் உறக்கம் இழப்பதில்லை. பழங்காலத்துச் சிற்பியின் கைவண்ணம் நம்மைச் சிறுமைப்படுத்துவதும் இல்லை. ஆனால் அதே திறமை நம் பக்கத்து நாற்காலியில் வந்து அமரும்போது, நாம் செய்யும் தொழிலையே நம்மைவிடச் சிறப்பாகச் செய்யும்போது, நமக்குக் கிடைக்கவேண்டியது என்று நாம் நம்பியிருந்த ஒன்றை அது பெற்றுக்கொள்ளும்போது, மனம் வேறு விதமாகப் பேசத் தொடங்குகிறது. அந்த வேளையில் மனத்தில் எழும் வேதனைக்குப் பெயர் என்ன? அது பொறாமையா? அல்லது நல்லதொரு வேட்கையா? இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா?

இந்தக் கேள்வியைச் சிந்திக்க நாம் எடுத்துக்கொள்ளும் சான்று வாசகர்களுக்குச் சற்று வியப்பை அளிக்கலாம். அது தத்துவ நூலன்று, ஜப்பானியச் சித்திரக்கதை. 'மங்கா' எனப்படும் இக்கதைகளை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அறிவார்கள். பெற்றோர் பெரும்பாலும் அறியமாட்டார்கள். சண்டையும் மாயமும் நிறைந்தவையே மங்கா என்பது நம்மில் பலரின் எண்ணம். ஆனால் அன்றாட வாழ்வின் சிறு நிகழ்ச்சிகளை மட்டுமே பொருளாகக் கொண்ட ஒரு வகையும் அதில் உண்டு. ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள். நான்காம் கட்டத்தில் ஒரு சிறு புன்னகை. அவ்வளவே அதன் இலக்கணம். அந்த வகையில் தொகுனோ ஷோதாரோ என்பவர் எழுதி வரைந்த 'நியூ கேம்!' என்னும் கதை 2013 முதல் 2021 வரை ஒரு மாத இதழில் தொடராக வெளிவந்தது. 2016-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் அது தொலைக்காட்சியில் அசைபடத் தொடராகவும் வந்தது.

கதையின் நாயகி சுசுகாசே அவோபா என்னும் 18 வயதுப் பெண். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, கணினி விளையாட்டுகளை உருவாக்கும் 'ஈகிள் ஜம்ப்' என்னும் கற்பனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறாள். சிறுமியாக இருந்தபோது அவள் மிகவும் விரும்பி விளையாடிய 'ஃபேரீஸ் ஸ்டோரி' என்னும் விளையாட்டு அந்த நிறுவனத்தின் படைப்பு. அதன் பாத்திரங்களை வடிவமைத்த யாகாமி கோ என்பவரே அவளுக்கு மூத்த பணியாளராக அமைகிறார். யாரைக் கண்டு தொழிலின்மேல் ஆசை கொண்டாளோ, அவருக்கு அருகிலேயே அமர்ந்து வேலை செய்யும் பேறு அவளுக்குக் கிடைக்கிறது.

அந்த அலுவலகம் ஒரு விசித்திரமான கூடம். முதல் நாள் அவள் உள்ளே நுழையும்போது, இரவெல்லாம் அங்கேயே தங்கி வேலை செய்த கோ தரையில் உறங்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த மேசையில் இருக்கும் ஹிஃபுமி வாய்திறந்து பேசக் கூச்சப்படுபவர். கைக்கு எட்டும் தொலைவில் இருப்பவருடன்கூடக் கணினி வழியாகச் செய்தி அனுப்பியே உரையாடுவார். ஹஜிமே பொம்மை வாள்களைச் சேர்ப்பவர். கதைமாந்தரின் அசைவுகளைக் கற்பனை செய்ய எழுந்து நின்று வாள் வீசிப் பார்ப்பார். நிரல் எழுதும் உமிகோவுக்குப் பொம்மைத் துப்பாக்கிகளின்மேல் தீராத பற்று. இயக்குநர் ஹசுகியோ தம் பூனையை அலுவலகத்துக்கே அழைத்துவருகிறார். இவர்களுடைய விநோதங்களை யாரும் திருத்த முற்படுவதில்லை. ஏளனம் செய்து ஒதுக்குவதும் இல்லை. பேசாதவரிடம் பேசும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. அவர் பேசத் துணியும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவருடைய பயனைக் கணக்கிடும் முன்பே அவரை ஏற்றுக்கொள்ளும் இந்தப் பண்பு, கதையின் நகைச்சுவைக்கு அடியில் ஓடும் நீரோட்டம் எனலாம்.

எனினும் நாம் இங்கு நிறுத்திச் சிந்திக்க விரும்புவது வேறொரு பகுதியை. முதல் விளையாட்டு முடிந்து, அடுத்த படைப்புக்குப் பாத்திரங்களை வடிவமைக்கப் பணியாளர்களிடையே ஒரு போட்டி நடக்கிறது. முன்பு ஊர்மக்களின் உருவங்களைச் செய்து, பலமுறை திருத்தி, மீண்டும் மீண்டும் செய்து பழகிய அவோபா இப்போது துணிந்து தன் எண்ணங்களையும் வரைந்து தருகிறாள். வியப்பு என்னவெனில், புகழ்பெற்ற கோவின் படங்கள் முன்பே பார்த்தவை போல இருக்கின்றன என்று இயக்குநருக்குத் தோன்றுகிறது. புதியவளின் எண்ணமே அவருக்குப் புத்துணர்வாகப் படுகிறது. கோ கலங்குகிறார். தாம் வளர்த்துவரும் பெண்ணின்மேலேயே அவருக்குப் பொறாமை எழுகிறது. சற்றுக் கடுமையாகவும் நடந்துகொள்கிறார். பின்னர் அதை உணர்ந்து, அவளுடைய எண்ணம் முழு உருப்பெறத் தம் அனுபவத்தைக் கொடுத்து உதவுகிறார். அவோபா பாத்திர வடிவமைப்பாளர் ஆகிறாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், இளையோரை ஊக்குவிக்கும் இனிய கதைகளுள் ஒன்றாக மட்டுமே அது நின்றிருக்கும். ஆனால் அடுத்து வருவது கசப்பான திருப்பம். விளையாட்டின் விளம்பரங்களில் முதன்மையாக இடம்பெறும் ஓவியத்தை யார் வரைவது என்ற கேள்வி எழுகிறது. பாத்திரங்களை வடிவமைத்தவள் அவோபா. ஆகவே அது அவளுக்கு உரியது என்றே எல்லாரும் எண்ணியிருக்கிறார்கள். விளையாட்டை வெளியிடும் நிறுவனமோ, கோதான் வரையவேண்டும் என்கிறது. காரணம் எளிது: கோவின் பெயரை மக்கள் அறிவர், அவோபாவை யாரும் அறியார்.

அவோபா என்ன செய்கிறாள்? தனக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று வேலையை விட்டு விலகவில்லை. பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று தலைகுனிந்து அடங்கிவிடவும் இல்லை. தானும் வரையவேண்டும், கோவுடன் போட்டியிடவேண்டும் என்று கேட்கிறாள். முடிவு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். தோல்வியை முன்னறிந்தே அவள் கேட்கிறாள். கோவும் அவளுக்கு இரங்கிக் கையைத் தளர்த்தவில்லை; தம் முழுத் திறமையையும் கொட்டி வரைகிறார். கோவின் ஓவியமே ஏற்கப்படுகிறது. அவோபா அழுகிறாள்.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. வெளியீட்டாளர் செய்தது நீதியா? தோற்பது உறுதி என்று தெரிந்தபின் போட்டியிடுவது அறிவுடைமையா? அந்தக் கண்ணீர் எத்தகையது?

முதல் கேள்விக்கு உடனே 'அநீதி' என்று விடை கூற நம் நாக்கு துடிக்கும். ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குவோம். வெளியீட்டாளர் பெரும்பொருளை முதலீடு செய்கிறார். அது விற்கவில்லையெனில் அவோபா உட்பட அத்தனை பேரின் உழைப்பும் வீணாகும். அறிந்த பெயர் ஒன்று வாங்குபவர்க்கு உறுதிமொழிபோல் அமைகிறது. ஆகவே அவருடைய முடிவில் விவேகம் உண்டு. ஆனால் விவேகமான முடிவுகள் அனைத்தும் ஒருவருக்குரியதை அவருக்குக் கொடுத்துவிடுவதில்லை. நீதி என்பது அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பது என்று பழைய மெய்யியலார் வரையறுத்தனர். ஒரு பொருளை உருவாக்கியவளுக்கு அதன் முகமாக நிற்கும் உரிமை உண்டு என்றால், அந்த உரிமை இங்கே விலைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. இழப்பு யாருக்கு என்று கேட்டால், பெயரில்லாதவளுக்கே. பெயரில்லாதவர்க்கு வாய்ப்புத் தரப்படுவதில்லை. வாய்ப்பு இல்லாததால் அவர்க்குப் பெயர் ஏற்படுவதும் இல்லை. உலகில் எத்தனையோ தொழில்களில் இளையோர் சிக்கிக்கொள்ளும் வளையம் இது. வெளியீட்டாளர் தீயவர் அல்லர். ஆனால் தீயவர் ஒருவரும் இல்லாத இடத்திலும் ஒருவருக்குக் குறை நேரக்கூடும் என்பதை இக்கதை மறைக்காமல் காட்டுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கிரேக்க மெய்யியலார் அரிஸ்டாட்டில் மனிதச் செயலை இருவகையாகப் பிரித்தார். ஒன்று ஆக்குதல், அதன் நோக்கம் செயலுக்கு வெளியே, செய்து முடிக்கப்படும் பொருளில் உள்ளது. மற்றொன்று ஒழுகுதல், அதன் நோக்கம் நன்கு செய்வதிலேயே உள்ளது. வீடு கட்டுபவர் வீட்டுக்காகக் கட்டுகிறார். வாய்மை பேசுபவர் வேறொன்றைப் பெறுவதற்காகவா பேசுகிறார்? விளம்பர ஓவியத்தை வெறும் ஆக்குதலாகப் பார்த்தால், ஏற்கப்படாத ஓவியத்துக்காகச் செலவிட்ட நாள்கள் வீண். ஆனால் அவோபா கேட்டது ஓவியத்தை மட்டுமன்று. தான் எங்கே நிற்கிறாள் என்பதை அறியும் உரிமையை அவள் கேட்டாள். போட்டியே நடவாமல் இடம் பறிபோயிருந்தால், அவள் வாழ்நாள் முழுவதும் தனக்குத்தானே ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கலாம்: 'எனக்கு மட்டும் வாய்ப்புத் தந்திருந்தால்...' என்று. அந்தக் கதை இனிமையானது. ஆனால் நச்சுத்தன்மை உடையது. நம்மில் எத்தனை பேர் அப்படியொரு கதையைப் பல்லாண்டுகளாகப் பேணி வளர்த்து, அதன் நிழலிலேயே முதுமை அடைகிறோம்! அவோபா அந்தக் கதைக்கு இடந்தரவில்லை. உண்மையை அறிய வேண்டும் என்பதற்காக நோவை விலையாகக் கொடுத்தாள்.

கோவும் இங்கே எண்ணிப் பார்க்கத் தக்கவர். தோற்கப்போகிறவள்மீது இரக்கம் கொண்டு அரைமனத்துடன் வரைந்திருந்தால் அது அன்பாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அது அவமதிப்பு. 'நீ என் முழு ஆற்றலுக்கு ஈடாகமாட்டாய்' என்று சொல்லாமற் சொல்லும் செயல் அது. முழுமையாக மோதுவதன் வழியாக அவர் அவளைத் தம் தொழிலில் ஓர் இணையாக மதித்தார். பிறரைத் தேற்றுவதற்காக உண்மையைக் குறைத்துக் கொடுப்பதும் ஒரு வகைப் பொய்தான் என்பதைப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் கற்பிப்பவர்களும் நினைவிற்கொள்வது நலம்.

இனி அந்தக் கண்ணீர். அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் பொறாமையையும் ஒத்துயரும் வேட்கையையும் அருகருகே வைத்து ஆராய்கிறார். அவரைப் பின்பற்றிய அக்குவினாஸ் தோமையார், 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் இறையியல் பெருந்தொகுப்பில் அந்த வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கினார். பிறருடைய நன்மையைக் கண்டு நமக்குத் துயரம் எழலாம். ஆனால் எதற்காக எழுகிறது என்பதே கேள்வி. அந்த நன்மை நம்மிடம் இல்லையே என்று வருந்தினால் அது வேட்கை. நல்லவற்றைக் குறித்ததாயின் பாராட்டத்தக்கதும் ஆகும். அந்த நன்மை அவரிடம் இருக்கிறதே, அது நம்மை மிஞ்சிவிடுகிறதே என்று வருந்தினால் அதுவே பொறாமை. இரண்டிலும் கண்ணீர் ஒன்றுபோலவே வழியும். வெளியிலிருந்து பார்ப்பவரால் பிரித்தறிய இயலாது. அழுகிறவருக்கே பலவேளை தெரியாது.

ஆயினும் ஓர் உரைகல் உண்டு. நம்மை வென்றவரின் திறமை திடீரென மறைந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். நமக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அவருக்கு மட்டும் குறைந்துவிட்டது. அதைக் கேட்டு மனத்தின் ஒரு மூலையில் ஆறுதல் பிறந்தால், அங்கே குடியிருப்பது பொறாமை. உலகமே ஏதோ ஒன்றை இழந்தாற்போல் வருந்தினால், அங்கே இருப்பது வேட்கை. அவோபாவை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். கோவின் கை தளர்வதை அவள் ஒருபோதும் விரும்பமாட்டாள். சிறுமியாக இருந்தபோது அவள் உலகத்தை ஒளிரச் செய்தது அந்தக் கைதானே! தான் உயரவேண்டும் என்று விரும்புகிறாள். அவர் தாழவேண்டும் என்று விரும்பவில்லை. வென்றவரை வெறுக்காமலே தோல்விக்காக அழ முடியும் என்பதை அவள் காட்டுகிறாள்.

மூத்தவர்களின் நிலைமை இதனினும் கடினமானது. இளையவர்க்கு மேலே பார்க்க இடமுண்டு. மூத்தவர் பின்னால் வரும் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டே நடக்கவேண்டியவர். கோவின் கடந்தகாலத்தையும் கதை சொல்கிறது. அவரும் இளம் வயதில், புதியவராகச் சேர்ந்தபோதே முதன்மை வடிவமைப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மூத்தோரின் பொறாமையைச் சுவைத்தவர். பின்னர் கலைப்பொறுப்பை ஏற்றபோது, தமக்குக் கீழ் இருந்தவரிடம் கடுமை காட்டி, அவர் வேலையைவிட்டே விலகக் காரணமானவர். காயப்பட்டவர் காயப்படுத்துபவராக மாறும் பழைய வழியில் அவரும் நடந்திருக்கிறார். ஆகவே அவோபாவிடம் அவர் காட்டும் பொறுமை இயல்பாக வந்த இனிமையன்று; விலைகொடுத்துக் கற்றது. ஜப்பானியச் சமுதாயத்தில் 'சென்பாய்' எனப்படும் மூத்தவருக்கும் 'கோஹாய்' எனப்படும் இளையவருக்கும் இடையிலான உறவு ஆழமானது. இளையவர் பணிவு காட்டவேண்டும்; மூத்தவர் தாங்கி வளர்க்கவேண்டும். இந்த உறவு செம்மையாக இருக்கும்போது கலைகள் தலைமுறை தாண்டி வாழ்கின்றன. சீர்கெடும்போது அதுவே கொடுங்கோலாகிறது.

இந்த இடத்தில் ஒரு தடையை எழுப்பாமல் செல்வது நேர்மையாகாது. இக்கதை உழைப்பை மிகவும் இனிப்பாக்கிக் காட்டுகிறது அல்லவா? அலுவலகத் தரையில் உறங்குவது நான்கு கட்டத்துக்குள் நகைப்பை விளைவிக்கலாம். உண்மை வாழ்வில் அது என்ன? மிகை உழைப்பால் நேரும் சாவுக்கு 'கரோஷி' என்று தனிச்சொல்லே வைத்துள்ள நாடு ஜப்பான். அதைத் தடுப்பதற்கென்று 2014-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றவேண்டிய நிலையும் அங்கு ஏற்பட்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, புகழ்பெற்ற விளம்பர நிறுவனம் ஒன்றில் அவ்வாண்டே வேலைக்குச் சேர்ந்திருந்த 24 வயதுப் பெண் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்கும் மேல் அவர் கூடுதல் வேலை செய்திருந்தார். அது மிகை உழைப்பின் விளைவே என்று அரசு அலுவலகம் 2016-இல் ஏற்றுக்கொண்டது. 'நியூ கேம்!' முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் அதே ஆண்டில்தான். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் புன்னகையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் சாவும் மக்கள் முன் வந்து நின்றன. 2018-ஆம் ஆண்டில் தொழிற்சட்டங்கள் திருத்தப்பட்டன. கூடுதல் வேலை பொதுவாக மாதத்துக்கு 45 மணி நேரத்தையும் ஆண்டுக்கு 360 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டப்பட்டது. தனிச்சூழல்களிலும் அது மாதத்துக்கு 100 மணி நேரத்தை எட்டக்கூடாது. ஆண்டுக்கு 720 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இவ்வரம்பு பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் சிறியவற்றுக்கு 2020 ஏப்ரல் முதலும் நடைமுறைக்கு வந்தது.

இந்தத் தடையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. நாம் புகழ்ந்த அந்த நல்ல வேட்கையே சுரண்டுபவர் கையில் கருவியாகிவிடக்கூடும். வேலையை வெறுப்பவர் மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். வேலையை நேசிப்பவரே விளக்கணைந்த பின்னும் தங்கியிருப்பார். 'உனக்குப் பிடித்த வேலைதானே' என்ற ஒரு சொல்லால் அவரிடமிருந்து உறக்கத்தையும் உடல்நலத்தையும் வாங்கிக்கொள்ளலாம். அன்பு தானாகக் கொடுப்பதை உரிமையாகப் பறிப்பது அறமாகாது. நேசிப்பவர்கள் மிகுந்த இடத்திலேதான் வரம்பு மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில் நேசிப்பவர் தாமாக வரம்பு கட்டிக்கொள்வதில்லை. ஆகவே இக்கதையை வாசிக்கும் இளையோர்க்கு நாம் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: கோவின் கலையை ஒத்துயர விரும்புங்கள், அவர் உறங்கிய தரையை விரும்பாதீர்கள்.

அப்படியானால் எல்லை எங்கே? நாம் இவ்வாறு கூறத் துணிகிறோம். அவோபா தன்னை அளந்துகொண்டது ஒரு மனிதரோடு. அந்த மனிதர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார், அவள் தவற்றைச் சுட்டினார், அவளிடம் தம் பொறாமையையும் மறைக்கவில்லை. அத்தகைய அளவீட்டில் தோற்றவரும் மனிதராகவே எஞ்சுகிறார். தோல்வியிலும் ஏதோ ஒன்றைப் பெறுகிறார். மாறாக, மணிக்கணக்கோடும் விற்பனைக் கணக்கோடும் மட்டுமே ஒருவரை அளக்கும்போது, வென்றாலும் அவர் எண்ணாகச் சுருங்குகிறார். முதலாவது ஆளை வளர்க்கிறது. இரண்டாவது ஆளைத் தின்கிறது. இரண்டும் ஒரே கூரையின்கீழ், ஒரே வேலையில், ஒரே நாளில் நடக்கக்கூடும் என்பதே இதில் உள்ள இடர். அதனால் நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும்போது 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்பதோடு நில்லாமல், 'உன் தவற்றை யார் திருத்துகிறார்? எத்தனை மணிக்கு உறங்குகிறாய்?' என்றும் கேட்பது பெற்றோரின் கடமையாகும்.

அன்பு வாசகர்களே, நாம் ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் அவோபாவாகவும் வேறோரிடத்தில் கோவாகவும் வாழ்கிறோம். நம்மைவிட நன்றாகப் பாடுபவர் நம் பாடற்குழுவிலேயே இருக்கிறார். நம்மைவிட நன்றாகக் கற்பிப்பவர் அடுத்த வகுப்பறையிலேயே இருக்கிறார். நம் கையைப் பிடித்து நடை பயின்றவர் இன்று நம்மை முந்திச் செல்கிறார். அவ்வேளையில் எழும் வேதனையைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அதை இல்லையென்று மறுக்கவும் வேண்டாம். அதன் முகத்தை நேரே பார்த்து, 'நீ எதைக் கேட்கிறாய்? நான் வளர்வதையா, அவர் தேய்வதையா?' என்று வினவுவோம். விடை வெட்கத்தைத் தந்தாலும், வினவியவர் பாதி விடுதலை அடைந்தவரே.

கதையில் பின்னர் நிகழ்வதையும் சொல்லவேண்டும். போட்டியில் வென்ற கோ, தம் வெற்றியின்மேல் அமர்ந்துவிடவில்லை. அவோபாவின் வளர்ச்சி அவரையும் அசைத்துவிடுகிறது. அனைவரும் போற்றும் இடத்தை விட்டு, மொழி அறியாத பிரான்சு நாட்டுக்கு, அங்குள்ள ஒரு நிறுவனத்தில் மீண்டும் கற்கச் செல்கிறார். வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்த இளையவள் மறுநாள் காலை தன் மேசைக்குத் திரும்புகிறாள். மூத்தவர் வேறொரு நாட்டில் புதியவராக ஒரு கதவைத் தட்டப் போகிறார்.